சாப்பிட்டதும் சொன்னதும்

‘கடந்த ஓராண்டில் மாம்பழம் எத்தனை முறை சாப்பிட்டீர்கள்?’ கேள்விக்கு எதிரே வரிசையாக 9 கட்டங்கள். ‘மாதம் ஒரு முறைக்கும் குறைவு’ என்று தொடங்கி, ‘மாதம் 1 முதல் 3 முறை’, ‘வாரம் ஒரு முறை’, ‘வாரம் 2 முதல் 4 முறை’ என்று ஏறிக்கொண்டே போய், ‘ஒரு நாளைக்கு 6 முறை அல்லது அதற்கு மேல்’ என்பதில் முடியும். ஏதாவது ஒன்றில் டிக் அடித்தாக வேண்டும். பத்தாம் வகுப்புப் பையன் கையில் இந்தத் தாளைக் கொடுத்தால் என்ன செய்வான்? சித்திரை, வைகாசியில் தினம் ஒரு பழம் தின்றிருப்பான். மற்றப் பத்து மாதமும் மாம்பழத்தைக் கண்ணாலும் பார்த்திருக்க மாட்டான். சரியான பதில் வேண்டுமென்றால் 60 பழத்தை 52 வாரத்தால் வகுக்க வேண்டும். வாரத்துக்கு ஒன்றும் கொஞ்சமும் வரும். எந்தப் பையனும் அந்தக் கணக்கைப் போடப்போவதில்லை. தாள் ஜூனில் கைக்கு வந்தால் ‘தினமும்’ என்று அடிப்பான். டிசம்பரில் வந்தால் ‘மாதம் ஒரு முறைக்கும் குறைவு’. அவனைப் பொறுத்தவரை இரண்டும் உண்மைதான். இரண்டுக்கும் நடுவே 30 மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது, அவ்வளவுதான். சில வினாத்தாள்களில் பருவப் பழங்களுக்கென்று தனிக் கட்டம் உண்டு. பல தாள்களில் இல்லை.

மாம்பழம் ஒரு கேள்வி. இதைப்போல நூறு, நூற்றைம்பது கேள்விகள் ஒரு தாளில் இருக்கும். பதின்பருவத்தினரின் சாப்பாட்டைப் பற்றி நாம் படிக்கும் ஆய்வுச் செய்திகளில் பெரும்பாலானவை இப்படி அடிக்கப்பட்ட டிக்குகளிலிருந்தோ, ‘நேற்று என்ன சாப்பிட்டாய்?’ என்று கேட்டு வாங்கிய பதில்களிலிருந்தோ பிறந்தவை. குளிர்பானம் குடிப்பவர்களுக்கு எடை கூடுகிறதா, பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து போதுகிறதா, காலையில் சாப்பிடாமல் பள்ளிக்கு ஓடுபவர்கள் எத்தனை பேர்... எல்லாவற்றின் அடியிலும் ஒரு தாளும் அதை நிரப்பிய ஒரு பிள்ளையும் உண்டு.

அந்தத் தாளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்ப்பதற்கென்றே ஒரு தனி ஆராய்ச்சி வளர்ந்திருக்கிறது. சரிபார்ப்பு ஆய்வு என்பார்கள். மளிகைக்கடைத் தராசைச் சோதிக்க முத்திரை குத்திய படிக்கல் இருக்கிறது. தட்டில் வைத்து முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடலாம். உணவு வினாத்தாளுக்குப் படிக்கல் எது என்பதில்தான் இந்தத் துறையின் தலைவலி முழுதும் இருக்கிறது. பையன் ஓராண்டில் என்னென்ன சாப்பிட்டான் என்பது அவனுக்கும் தெரியாது, சோறு போட்ட அம்மாவுக்கும் தெரியாது.

தாளைக் குறை சொல்வதற்கு முன்னால் அது ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 1976-இல் தொடங்கிய செவிலியர் நல ஆய்வில் 1,21,700 பெண்கள் சேர்ந்தார்கள். இத்தனை பேர் வீட்டுக்கும் ஆள் அனுப்பித் தட்டை எடைபோட முடியாது. தபாலில் ஒரு தாள் அனுப்பலாம். ஹார்வர்டில் வால்டர் வில்லெட்டின் குழு 1980-இல் 61 உணவுகள் கொண்ட ‘எத்தனை முறை’ வினாத்தாளை அந்த ஆய்வில் கொண்டுவந்தது. அதோடு விட்டுவிடவில்லை. 173 பெண்களிடம், ஓராண்டுக்குள் நான்கு தடவை, தடவைக்கு ஒரு வாரம் என்று, வாயில் போட்டதையெல்லாம் எழுதிவைக்கச் சொன்னார்கள். அந்த 28 நாள் குறிப்பையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட கட்டுரை 1985-இல் வந்தது. அதற்குப் பிறகு உலகில் யார் ஒரு உணவு வினாத்தாளைச் சோதித்தாலும் ஏறக்குறைய அந்தப் பாதையில்தான் நடக்கிறார்கள்.

அந்தப் பெண்கள் 34 முதல் 59 வயதுக்காரர்கள். செவிலியர்கள் வேறு, பார்த்ததைப் பார்த்த நேரத்தில் எழுதிவைப்பது அவர்களுக்குத் தொழில் பழக்கம். பதினான்கு வயதில் நிலைமை தலைகீழ். சமைப்பது வேறு யாரோ, ஆகையால் குழம்பில் என்ன எண்ணெய், எவ்வளவு என்று தெரியாது. சாப்பிடுவதில் பாதி பள்ளியிலும் கடை வாசலிலும் நடக்கிறது, ஆகையால் வீட்டிலிருப்பவர்களைக் கேட்டும் பயனில்லை. இன்னொன்றும் இருக்கிறது: ஓராண்டில் பிள்ளை நான்கு அங்குலம் வளர்ந்துவிட்டால் அவனுடைய ‘வழக்கமான சாப்பாடு’ என்று ஒன்று உண்மையிலேயே இருந்ததா என்பதே சந்தேகம். ஆண்டின் தொடக்கத்தில் இரண்டு தோசையோடு எழுந்தவன் முடிவில் ஐந்தைத் தாண்டியிருப்பான்.

ஆகவே ஹார்வர்டு குழு பிள்ளைகளுக்கென்று 151 உணவுகள் கொண்ட தனித்தாள் ஒன்றைத் தயாரித்தது. 1996-இல், இரண்டாவது செவிலியர் ஆய்வில் இருந்தவர்களின் பிள்ளைகள் 16,882 பேரைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்வுக்கு அடித்தளம் இந்தத் தாள்தான். அந்தத் தாளுக்கு இரண்டு சோதனைகள் நடந்தன. முதல் சோதனை, அதே பிள்ளையிடம் ஓராண்டு கழித்து அதே தாளைக் கொடுத்தால் அதே பதில் வருகிறதா என்பது. 1995-இல் வெளியான அந்த முடிவில், 9 முதல் 18 வயதுவரையான 179 பேரின் இரண்டு தாள்களுக்கும் இடையே சுண்ணாம்புச்சத்தில் ஒட்டுறவுக் கெழு 0.58. புரதத்திலும் இரும்பிலும் 0.26.

ஒட்டுறவுக் கெழு என்பது பள்ளிப் புள்ளியியலில் வரும் அதே எண்தான். ஒரு தாளில் மேலே இருப்பவர் மற்றதிலும் மேலே, கீழே இருப்பவர் கீழே என்று பிசகாமல் வந்தால் 1. சம்பந்தமே இல்லாவிட்டால் 0. சுண்ணாம்புச்சத்து ஏன் முந்தியது என்பதை ஊகிக்கலாம். அமெரிக்கப் பிள்ளைக்கு அது பெரும்பாலும் பாலிலிருந்து வருகிறது. தினம் எத்தனை டம்ளர் பால் என்பது பல்துலக்குவது மாதிரி நிலையான பழக்கம், கேட்டதும் பதில் வரும். புரதமும் இரும்பும் ரொட்டி, கறி, பீன்ஸ், தானியம் என்று பத்து இடத்தில் சிதறிக்கிடப்பவை. பத்து இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் பிசகினால் கூட்டுத்தொகை எங்கோ போய்விடும்.

இந்தச் சோதனையில் ஒரு பொறி உண்டு. ஒரே தப்பை இரண்டு முறையும் செய்பவர் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். சிப்ஸைப் பற்றிக் கேட்டால் எப்போதும் பாதியாகக் குறைத்தே சொல்லும் பிள்ளை, ஓராண்டு கழித்தும் பாதியாகக் குறைத்தால், தாள் வெகு நம்பகம் என்று கணக்கு சொல்லும்.

இரண்டாவது சோதனைதான் உண்மையான சோதனை. 1997-இல் வெளியானது; 261 பிள்ளைகள். இங்கே படிக்கல்லாக வைத்தது 24 மணி நேர நினைவுகூரல். பயிற்சி பெற்ற ஒருவர் பிள்ளையிடம் பேசி, நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை சாப்பிட்டது, குடித்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லவைத்து எழுதிக்கொள்வார். ஒவ்வொருவரிடமும் மூன்று முறை இப்படி வாங்கி, தாளோடு ஒப்பிட்டார்கள். சோடியத்தில் 0.21, ஃபோலேட்டில் 0.58, மற்றவை இடையில். ஒருவரின் சாப்பாடு நாளுக்கு நாள் மாறுவதால் வரும் பிசகைக் கணக்கில் சரிசெய்த பிறகு சராசரி 0.54.

இந்தச் ‘சரிசெய்தல்’ என்ற சொல்லில் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. மூன்று நாள் சாப்பாடு ஒருவருடைய வழக்கத்தைக் காட்டாது. எத்தனை நாள் வேண்டும்? அமெரிக்க வேளாண் துறை ஒரு காரியம் செய்து பார்த்தது: 29 பேரை ஓராண்டு முழுக்க, 365 நாளும் எழுதவைத்தது. 1987-இல் வந்த கணக்கின்படி, ஒரு தனிமனிதரின் உண்மையான கலோரிச் சராசரியை 10 சதவீதத்துக்குள் பிடிக்கச் சராசரியாக 31 நாள் குறிப்பு தேவை. வைட்டமின் ஏ-வுக்கு 433 நாள்! அதாவது ஓராண்டு முழுக்க எழுதினாலும் போதாது. ஈரலோ கேரட்டோ சாப்பிட்ட ஒரே நாளில் வைட்டமின் ஏ வானத்துக்குப் போகும், மற்ற நாள்களில் தரையில் கிடக்கும், அதனால்தான். மூன்று நாள் நினைவுகூரலை வைத்துக்கொண்டு ஒரு தாளை ‘சரி’ என்றோ ‘தப்பு’ என்றோ சொல்வதில் எவ்வளவு புள்ளியியல் ஒட்டுவேலை இருக்கிறது என்பதற்கு இது ஒன்று போதும்.

0.54 நல்ல எண்ணா? துறையில் உள்ளவர்கள் 0.5 வந்தால் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். வரிசைப்படுத்த அது உதவும். யார் அதிகம் காய் சாப்பிடுகிறார்கள், யார் குறைவு என்று நான்கு கூட்டமாகப் பிரித்தால், மேல்கூட்டத்தில் இருக்க வேண்டியவர் அடிக்கூட்டத்தில் போய் விழுவது அரிதாக இருக்கும். ஆனால் ஒட்டுறவு என்பது பொருத்தம் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் உண்மையைவிடச் சரியாக இரண்டு மடங்கு சொன்னால்கூட ஒட்டுறவுக் கெழு 1 என்றே வரும், எல்லா எண்ணும் தப்பாக இருக்கும். இந்த ஓட்டையை மார்ட்டின் பிளாண்டும் டக்ளஸ் ஆல்ட்மனும் 1986-இல் லான்செட் இதழில் மருத்துவர்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன வழி எளிமையானது. இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆளுக்கு ஆள் கண்டுபிடித்து, இரண்டு அளவின் சராசரிக்கு எதிரே புள்ளி வையுங்கள். புள்ளிகள் எவ்வளவு தூரம் சிதறுகின்றன என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். உணவு வினாத்தாள்களுக்கு இந்தப் படத்தைப் போட்டால் பெரும்பாலும் மழைத்தூறல் மாதிரிதான் இருக்கும். ஊர்ச் சராசரி ஓரளவு ஒத்துப்போகும். தனி ஒரு பிள்ளையின் கலோரி ஆயிரம் மேலேயும் இருக்கும், கீழேயும் இருக்கும்.

சரி, படிக்கல்லாக வைத்த நினைவுகூரலே எவ்வளவு சரி? இதைப் பார்க்க அமெரிக்காவில் சூசான் பாக்ஸ்டர் எடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் ஊகமே கிடையாது. பள்ளி உணவுக்கூடத்தில் ஆள்களை உட்காரவைத்தார். நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் தட்டில் என்ன வந்தது, எவ்வளவு வாய்க்குள் போனது, எவ்வளவு குப்பைக்குப் போனது, பக்கத்துப் பிள்ளையோடு எதை மாற்றிக்கொண்டார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். பிறகு அதே பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்கள். ஓர் ஆய்வில், உண்மையில் சாப்பிட்ட பொருள்களில் ஏறத்தாழப் பாதியைப் பிள்ளைகள் சொல்லவே இல்லை. சொன்னவற்றில் கணிசமான பங்கு அன்று அவர்கள் தட்டிலேயே இல்லாத பொருள்கள். சாப்பிட்டதற்கும் கேட்பதற்கும் இடைவெளி கூடக்கூடத் தப்பும் கூடியது. இல்லாததைச் சொல்வது பொய் சொல்லும் நோக்கத்தில் இல்லை. பள்ளி மதிய உணவு என்றால் பால் இருக்கும், இன்றைக்கும் இருந்திருக்கும் என்று மனம் தானாக நிரப்பிக்கொள்கிறது.

அவர்கள் ஒன்பது, பத்து வயதுக்காரர்கள். வயது ஏறினால் நினைவு தேறும், தப்பு குறையும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது வேறு. வட அயர்லாந்தில் பார்பரா லிவிங்ஸ்டனின் குழு 1992-இல் வெளியிட்ட ஆய்வில், சின்னப் பிள்ளைகளின் எடைபோட்ட உணவுக் குறிப்பு உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. பன்னிரண்டு வயதுக்கு மேல் போகப்போகக் குறைத்துச் சொல்வது கூடிக்கொண்டே போனது. சின்னப் பிள்ளையின் தட்டை அம்மா எடைபோட்டு எழுதினாள். பதினைந்து வயதுக்காரர் தானே எழுதினார்.

‘உண்மைக்குப் பக்கத்தில்’ என்று சொல்ல அவர்களுக்கு உண்மை எப்படித் தெரிந்தது? இங்கேதான் யாருடைய வாயையும் நம்பாத ஒரு படிக்கல் வருகிறது: இரட்டை அடையாளமிட்ட நீர். சாதாரண ஹைட்ரஜனைவிடக் கனமான டியூட்டீரியமும், சாதாரண ஆக்சிஜனைவிடக் கனமான ஆக்சிஜன்-18-உம் கலந்த தண்ணீர். கதிர்வீச்சு கிடையாது, ருசியிலும் வித்தியாசம் தெரியாது. குடித்த சில மணி நேரத்தில் உடம்பிலுள்ள நீர் முழுவதிலும் கலந்துவிடும். பிறகு வெளியேறத் தொடங்கும். டியூட்டீரியம் சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம் என்று நீராக மட்டுமே போகும். ஆக்சிஜன்-18-க்கு இரண்டு வாசல். நீராகவும் போகும், கரியமில வாயுவாகவும் போகும். அதனால் அது கொஞ்சம் வேகமாகக் குறையும். இரண்டு வாரம்போல அவ்வப்போது சிறுநீர் மாதிரி எடுத்து, இரண்டும் குறையும் வேகத்தில் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால், உடம்பு எவ்வளவு கரியமில வாயுவை வெளியேற்றியது என்று தெரிந்துவிடும். கரியமில வாயு தெரிந்தால் எரித்த கலோரி தெரியும். உடல் எடை பெரிதாக மாறாமல் இருந்தால் எரித்த கலோரியும் சாப்பிட்ட கலோரியும் ஒன்றுதான். வளரும் பிள்ளைகளுக்கு வளர்ச்சிக்கென்று ஒரு சில சதவீதம் தள்ளிவைத்தால் போதும்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நேதன் லிஃப்சன் இந்த உத்தியை எலிகளில் 1955-லேயே செய்துகாட்டிவிட்டார். மனிதனுக்கு வர 1982 ஆயிற்று. எலிக்குத் துளி போதும். மனிதனுக்கு வேண்டிய ஆக்சிஜன்-18-இன் விலை அந்தக் காலத்தில் கட்டுப்படியாகாது. கருவிகள் நுட்பமாகி, குறைந்த அளவே போதும் என்றான பிறகுதான் டேல் ஷோலர் மனிதர்களில் அளந்தார். விலை அதற்குப் பிறகும் சும்மா இறங்கிவிடவில்லை. பல ஆயிரம் பேர் கொண்ட ஆய்வில் எல்லாருக்கும் இந்த நீரைக் கொடுக்க முடியாது. சில பத்துப் பேருக்குக் கொடுக்கலாம்.

அப்படிச் சில பத்துப் பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று பதின்பருவ உணவாய்வையே கலங்கடித்தது. லிண்டா பாண்டினியும் ஷோலரும் மற்றவர்களும் 1990-இல் வெளியிட்டது. 12 முதல் 18 வயதுவரை 55 பேர்; 28 பேர் சாதாரண எடை, 27 பேர் உடற்பருமன் உள்ளவர்கள். இரண்டு வாரம் சாப்பிட்டதை எழுதினார்கள், அதே இரண்டு வாரம் இரட்டை அடையாள நீரும் ஓடிக்கொண்டிருந்தது. சாதாரண எடைப் பிள்ளைகள் எழுதியது, எரித்ததில் சராசரியாக 80.6 சதவீதம். பருமனான பிள்ளைகள் எழுதியது 58.7 சதவீதம். நாளைக்கு 3,000 கலோரி எரித்த பிள்ளை தாளில் சுமார் 1,760 மட்டும் காட்டியிருக்கிறது என்று பொருள். தாளை நம்பினால் அந்தப் பிள்ளை ஒரு மாதத்தில் கண்கூடாக இளைத்திருக்க வேண்டும்.

இந்த இரண்டு எண்ணில் கவலை தருவது 58.7 இல்லை, இரண்டும் வேறுவேறாக இருப்பதுதான். எல்லாரும் ஒரேமாதிரி ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் வரிசை கெடாது, கணக்கில் திருத்திக்கொள்ளலாம். பருமனானவர்கள் கூடுதலாகக் குறைக்கும்போது வரிசையே புரண்டுவிடுகிறது. தாளை மட்டும் வைத்துப் பார்ப்பவருக்குக் குண்டுப் பிள்ளைகள் குறைவாகத்தான் சாப்பிடுகிறார்கள், எல்லாம் பரம்பரை வாகு என்று தோன்றும். அப்படித் தோன்றி எழுதப்பட்ட பழைய கட்டுரைகளும் உண்டு.

ஏன் குறைக்கிறார்கள்? ‘பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள்’ என்று முடிப்பது சோம்பேறித்தனம். எழுத வேண்டுமே என்பதற்காகவே ஒரு பஜ்ஜியை வேண்டாமென்று ஒதுக்குவதும் உண்டு. அது பொய்யில்லை, அளக்கப்போன இடத்தில் அளவே மாறிவிடுகிறது. முதல் மூன்று நாள் ஆர்வமாக எழுதியவர்கள் இரண்டாவது வாரம் அலுத்துப்போகிறார்கள். நின்றபடி, நடந்தபடி, நண்பன் பொட்டலத்திலிருந்து எடுத்தபடி சாப்பிட்டது ‘சாப்பாடு’ என்ற கணக்கிலேயே வருவதில்லை. இவற்றோடு வெட்கமும் சேர்கிறது. பதினான்கு வயதில் தன் உடம்பைப் பற்றி நாலு பேர் சொன்னதைச் சுமந்துகொண்டிருக்கும் பெண், முன்பின் தெரியாத ஓர் அக்காவிடம் ‘மூன்று பரோட்டா’ என்று வாய்திறந்து சொல்வாளா? இதை உத்தேசித்தே, பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பிள்ளைகள் தாங்களே கணினியில் நிரப்பும் நினைவுகூரல் கருவியைச் செய்தார்கள். பின்னர் ஐரோப்பிய நகரங்களில் நடந்த ஹெலினா ஆய்வில் அதன் வளர்ந்த வடிவம்தான் பயன்பட்டது. கணினி முகம் சுளிக்காது என்பது உண்மை. ஆனால் விட்டுப்போனதை எடுத்துக்கொடுக்கும் சாமர்த்தியமும் நல்ல பேட்டியாளர் அளவுக்கு அதற்குக் கிடையாது.

நீர்ப் படிக்கல்லுக்கும் எல்லை இருக்கிறது. அது கலோரியை மட்டும் சொல்லும். அந்தக் கலோரி கீரையிலிருந்து வந்ததா கேக்கிலிருந்து வந்ததா என்று சொல்லாது. புரதத்துக்கு வேறு வழி உண்டு. கேம்பிரிட்ஜில் ஷீலா பிங்ஹம் காட்டியபடி, சாப்பிட்ட நைட்ரஜனில் ஏறத்தாழ 81 சதவீதம் சிறுநீரில் வெளியேறுகிறது. சில நாள்கள் 24 மணி நேரச் சிறுநீரை முழுசாகச் சேர்த்தால் புரதக் கணக்கு வந்துவிடும். முழுசாகச் சேர்த்தார்களா என்பதற்கும் ஒரு பரிசோதனை வைத்தார்: பாபா என்ற தீங்கற்ற மாத்திரையைச் சாப்பிடச் சொல்லி, சிறுநீரில் அது எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்ப்பது. குறைந்தால், எங்கோ ஒரு தடவை குப்பியை மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். பள்ளிக்கூடப் பிள்ளையிடம் நாள் முழுக்கக் குப்பியோடு திரி என்று சொல்வது எவ்வளவு நடக்கும் காரியம் என்பது வேறு விஷயம். உப்புக்கும் சிறுநீர்தான் வழி. 1997 ஆய்வில் சோடியம் 0.21-இல் தேங்கிப்போனது தற்செயல் இல்லை. உப்பு போட்டது சமைத்தவர் கை, சாப்பிட்டவருக்குத் தெரியவே தெரியாது. காய்கறிகளுக்கு ரத்தத்திலுள்ள கரோட்டினாய்டுகள் ஓரளவு கோடிகாட்டும். கிராம் கணக்கு சொல்லாது.

இதெல்லாம் போக, பிள்ளை மறக்காமல், கூச்சப்படாமல் சொன்னாலும் தப்பு நுழைய இன்னொரு வழி இருக்கிறது. தாள் தருவது ‘ஒரு கரண்டி சாம்பார்’. ஆய்வாளருக்கு வேண்டியது மில்லிகிராம் இரும்பு. நடுவில் இருப்பது உணவுச் சத்து அட்டவணை. இந்தியாவில் அந்த வேலைக்கு வேர் நீலகிரியில் இருக்கிறது. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்காரிசன் ஓர் அறையில் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவுதான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. குன்னூரில் இருந்தபோதே, 1937-இல், அய்க்ராய்டு இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். இப்போது கையில் இருப்பது 2017-இல் வந்தது, 528 உணவுகள். அவற்றில் பெரும்பாலானவை பச்சைப் பொருள்கள்: துவரம்பருப்பு, முருங்கைக்காய், புளி. பிள்ளை சாப்பிட்டதோ சாம்பார். பருப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு வேறு, மாதக் கடைசியில் அதே வீட்டிலேயே வேறு.

அதனால் இங்கே வினாத்தாள் செய்பவர் பாதி நேரம் சமையலறையில் நிற்க வேண்டியிருக்கிறது. சென்னையில் நீரிழிவு ஆய்வுக்காகப் பெரியவர்களுக்குத் தயாரித்துச் சோதித்து 2006-இல் வெளியிட்ட வினாத்தாளில் 222 உணவுகள். அமெரிக்கத் தாளின் 61-உம் 151-உம் அங்கே பற்றாது. அந்த நாட்டுத் தாளில் ‘பீட்சா, 2 துண்டு’ என்று கேட்டால் வேலை முடிந்தது. துண்டு எல்லாக் கடையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நம் தட்டில் சோறு குவியலாக விழுகிறது, குழம்பு ஊற்றிப் பிசைகிறோம், இரண்டாவது முறை அம்மா கேட்காமலே போடுகிறாள், மூன்றாவது தயிருக்கு. எத்தனை கப் சோறு என்று கேட்டால் பெரியவர்களே விழிப்பார்கள். ஆய்வாளர்கள் அளவு குறித்த கோப்பைகளையும் கரண்டிகளையும் கையோடு கொண்டுபோவது இதற்காகத்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கடையில் தொங்கும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் சிப்ஸ் பொட்டலத்தின் எடை அதன்மேலேயே அச்சாகியிருக்கும். எண்ண எளிது, கிராம் கணக்கும் துல்லியம். சத்துள்ள வீட்டுச் சாப்பாடுதான் அளவுக்கு அகப்படாமல் நழுவுகிறது. ஆனால் அந்தப் பொட்டலத்தை நாலு பேர் பிய்த்துக்கொண்டால் அந்தத் துல்லியமும் போச்சு. அதைத்தான் பள்ளி வாசலில் தினமும் பார்க்கிறோம்.

இத்தனை ஓட்டையோடு வினாத்தாளை வைத்துக்கொள்வதா, தூக்கி எறிவதா என்று உணவியல் உலகத்தில் ஒரு சண்டை நடக்கிறது. எட்வர்ட் ஆர்ச்சரும் வேறு இருவரும் 2013-இல், அமெரிக்கத் தேசிய ஆய்வின் 39 ஆண்டுத் தரவைச் சலித்து, பெண்களில் 67.3 சதவீதம் பேரும் ஆண்களில் 58.7 சதவீதம் பேரும் சொன்ன கலோரியில் மனிதர் உயிர்வாழ்வதே கடினம் என்று எழுதினார்கள். இப்படிப்பட்ட தரவை அறிவியல் என்று சொல்லாதீர்கள் என்பது ஆர்ச்சரின் கட்சி. மொத்தக் கலோரியை அளக்க நாங்கள் இதைச் செய்யவே இல்லை, ஒப்பிட்டு வரிசைப்படுத்தத்தான் செய்தோம் என்பது வில்லெட் தரப்பின் பதில்.

எனக்கு வில்லெட் பக்கம் சாய்வு உண்டு, ஒரு நிபந்தனையோடு. பாஸ்டனில் டேவிட் லட்விக்கின் குழு 2001-இல் லான்செட்டில் வெளியிட்ட ஆய்வு ஹார்வர்டின் பிள்ளைகள் தாளைக் கொண்டு செய்ததுதான். சராசரி வயது 11.7 கொண்ட 548 மாணவர்களை 19 மாதம் பின்தொடர்ந்தார்கள். இனிப்புக் குளிர்பானம் நாளைக்கு ஒன்று கூடினால் உடற்பருமன் வரும் வாய்ப்பு விகிதம் 1.6 மடங்கானது. பருமனான பிள்ளைகள் கூடுதலாக மறைப்பார்கள் என்று பார்த்தோமே, அப்படியானால் இந்த முடிவு எப்படி வந்தது? ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடாமல், அதே பிள்ளையின் முந்தைய பதிலோடு ஒப்பிட்டதில்தான் விஷயம் இருக்கிறது. எப்போதும் பாதி சொல்பவர் இப்போதும் பாதி சொன்னால், ஏறியதா இறங்கியதா என்பது தப்பாது. இப்படிக் கேட்கும் கேள்விக்கு இந்தத் தாள் போதும். ‘தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நாளைக்கு எத்தனை கிராம் சர்க்கரை சாப்பிடுகிறார்கள்’ என்ற கேள்விக்கு அதே தாளை வைத்து ஓர் எண் சொன்னால், அந்த எண்ணை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

புதிய கருவிகளிலும் இதே கதைதான். பிரிட்டனில் நியூகாசில் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘இன்டேக்24’ இணையத்தில் ஓடுகிறது. தட்டில் எவ்வளவு வந்தது, எவ்வளவு மிச்சம் வைத்தீர்கள் என்று புகைப்படம் காட்டிக் கேட்கிறது. 2019 முதல் அந்த நாட்டின் தேசிய உணவு ஆய்வும் அதில்தான் நடக்கிறது. இந்தியா, இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான் உணவுகளைச் சேர்த்துத் தெற்காசியப் பதிப்பும் வந்திருக்கிறது. 11 முதல் 24 வயதுவரை 180 பேரிடம் சோதித்தபோது, நேரில் கேட்டு எழுதிய நினைவுகூரலுக்கும் அதற்கும் கலோரியில் சராசரி வித்தியாசம் 1 சதவீதம்தான். பிரமாதமான எண். பிறகு 40 முதல் 65 வயதுக்காரர்களிடம் இரட்டை அடையாள நீரோடு ஒப்பிட்டார்கள். சராசரியாக 25 சதவீதம் குறைவு. வயது வேறு என்பதால் இரண்டு எண்ணையும் நேராக ஒட்டவைக்க முடியாது. ஆனால் முதல் சோதனையில் படிக்கல்லாக நின்றதும் இன்னொரு நினைவுகூரல்தான்: அதே ஆள், அதே ஞாபகம், அதே கூச்சம். இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் வித்தியாசம் 1 சதவீதமாகத்தான் தெரியும்.

‘சரிபார்க்கப்பட்ட வினாத்தாள்’ என்று ஆய்வுக் கட்டுரையின் முகப்பில் போட்டிருந்தால், எதோடு வைத்துச் சரிபார்த்தார்கள் என்ற ஒரு வரியைத்தான் இப்போதெல்லாம் முதலில் தேடுகிறேன். பெரும்பாலும் அது செய்முறைப் பகுதியின் நடுவில் எங்கோ, பொடி எழுத்தில் இருக்கும்.